கல்லில் பொறித்த கணக்கு

பரத்பூருக்குப் போகிறவர்களில் பாதிப் பேர் ஆக்ராவுக்குப் போனவர்கள்தான். தாஜ்மகாலைப் பார்த்தாகிவிட்டது, ரயிலுக்கு இன்னும் ஒரு நாள் இருக்கிறது, என்ன செய்வது என்ற யோசனையில் மேற்கே போகும் பஸ்ஸில் ஏறி ராஜஸ்தானத்துக்குள் இறங்கிவிடுகிறார்கள். நானும் அந்த ரகம்தான். பறவைகளைப் பற்றி எனக்கு இருந்த ஞானம் காக்கை, குருவி, கொக்கு என்ற அளவோடு சரி. கதைகளில் மாலை நேரம் வரும்போதெல்லாம் பறவைகள் கூட்டுக்குத் திரும்பின என்று எழுதியிருக்கிறேனே தவிர, எந்தப் பறவை, எந்தக் கூடு என்று யாராவது கேட்டிருந்தால் திணறிப் போயிருப்பேன்.

ஐப்பசி பிறந்து ஒரு வாரம் ஆகியிருந்தது. நம் பக்கம் மழை ஆரம்பிக்கும் சமயம்; அங்கே மழை ஓய்ந்துவிட்ட சமயம். சரத் காலம் என்று வடக்கே எதற்காக இத்தனை கொண்டாடுகிறார்கள் என்பது அன்றைக்கு விடியற்காலையில்தான் எனக்கு விளங்கிற்று. புழுக்கம் போய்விட்டது, குளிர் இன்னும் வரவில்லை. வானத்தை யாரோ அலம்பித் துடைத்து வைத்த மாதிரி இருந்தது.

வாசலில் டிக்கெட்டு வாங்கி, வாடகைக்கு ஒரு தூரதிருஷ்டிக் கண்ணாடியும் எடுத்துக்கொண்டேன். அதில் ஒரு குழாய் வழியாகப் பார்த்தால் உலகம் தெளிவாகத் தெரிந்தது. மற்றொன்றின் வழியாகப் பனிமூட்டம் தெரிந்தது. ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்க்கப் பழகிக்கொண்டேன். நான் நடந்துதான் போவேன் என்று சொன்னதை வாசலில் நின்ற ரிக்‌ஷாக்காரர்கள் யாரும் நம்பவில்லை. அவர்களில் ஒரு பெரியவர் மட்டும், "நடங்கள் பாபுஜி, நானும் கூட வருகிறேன்" என்று சொல்லிவிட்டு, காலி வண்டியைத் தள்ளிக்கொண்டே என் பக்கத்தில் வந்தார். என் கால்களிடம் அவருக்கு இருந்த அவநம்பிக்கையை அதைவிட மரியாதையாக யாரும் தெரிவித்திருக்க முடியாது. அறுபது வயதைத் தாண்டியவர், வெள்ளை மீசை, தலையில் முண்டாசு. இங்கே ரிக்‌ஷா ஓட்டுகிறவர்களுக்குப் பறவைகளை அடையாளம் காட்டவும் பயிற்சி கொடுத்திருக்கிறார்கள். ஆங்கிலப் பெயரையும் இந்திப் பெயரையும் அவர் சொல்ல, எனக்குத் தெரிந்த தமிழ்ப் பெயரோடு நான் அதை முடிச்சுப் போட்டுக்கொண்டே போனேன்.

இடத்தின் பெயர் கேவலாதேவ் கனா. நடுவில் கேவலாதேவ் என்ற சிவன் கோயில் ஒன்று இருக்கிறது. கனா என்றால் அவர்கள் பாஷையில் அடர்த்தி, அடர்ந்த காடு. தமிழில் எழுதினால் அது நம்முடைய கனாவாகிவிடுகிறது. நான் திருத்த முயலவில்லை.

முதல் இரண்டு கிலோமீட்டர் வெறும் முள்காடு. ஏமாந்துவிட்டோமோ என்று நினைக்கத் தொடங்கிய இடத்தில் ஒரு பழைய கட்டடம் வந்தது. அதற்குச் சாந்தி குடீரம் என்று பெயர். மகாராஜா வேட்டைக்கு வரும்போது தங்கிய மாளிகை என்று பெரியவர் சொன்னார். வேட்டை மாளிகைக்குச் சாந்தி என்று பெயர் வைத்தவரின் நகைச்சுவையை வியந்துகொண்டே திரும்பினேன். சாலையின் இரண்டு பக்கமும் திடீரென்று தண்ணீராகிவிட்டது.

ஏரி என்று அதைச் சொல்ல முடியாது. முழங்கால் ஆழம், இடுப்பளவு, சில இடங்களில் வெறும் சேறு. அல்லியும் பாசியும் கோரையும் மூடிய நீர், நடுநடுவே மண்மேடுகள், மேடுகளில் கருவேல மரங்கள். ஒவ்வொரு மரத்திலும் முப்பது நாற்பது கூடுகள். செவ்வரி நாரைகள் நின்றன. மஞ்சள் மூக்கு, இறக்கையில் கருங்கட்டம், வால் பக்கம் மருதோன்றி இட்ட மாதிரி ஓர் இளஞ்சிவப்பு. மழை பெய்து மீன் பெருகியதும் ஆவணி வாக்கில் கூடு கட்டுவார்களாம். நான் போன சமயம் குஞ்சுகளுக்குப் பசி உச்சத்தில் இருந்தது. பெரிய நாரைகளுக்குக் குரல் கிடையாது, அலகைத் தட்டி ஓசை எழுப்புவதோடு சரி. குஞ்சுகள் மட்டும் ஓயாமல் கத்துகின்றன. கல்யாண வீட்டுப் பந்தி நடக்கும் இடத்துக்குச் சற்றுத் தள்ளி நின்றால் கேட்குமே, அந்த மாதிரி ஓர் இரைச்சல் தண்ணீர் முழுவதும் பரவியிருந்தது.

வெளிநாட்டுப் பறவைகள் என்று நான் எண்ணிக்கொண்டு போனவற்றில் பெரும்பாலானவை இந்த ஊர்க்குடிகளே. நத்தைகுத்தி, பாம்புத்தாரா, நீர்க்காகம், வக்கா, கரண்டிவாயன் எல்லாமே இங்கே குடித்தனம் நடத்துகிறவை. அல்லி இலையின் மேல், வழுக்காமல், தாமரைக்கோழி ஒன்று நடந்து போயிற்று. விருந்தாளிகள் அப்போதுதான் வரத் தொடங்கியிருந்தார்கள். தூரத்தில் திறந்த நீரில் ஒரு பழுப்புக் கூட்டம். "ஊசிவால், கிளுவை" என்றார் பெரியவர். ஒற்றைக் கண்ணால் பார்த்தேன். சைபீரியாவிலிருந்தும் மத்திய ஆசியாவிலிருந்தும் வந்து இறங்கிய பிராணிகள், கழுத்தை முதுகில் செருகிக்கொண்டு, எந்த வீட்டுக் குளத்து வாத்தையும் போலத் தூங்கிக்கொண்டிருந்தன.

இத்தனை தண்ணீரும் இயற்கை தந்தது என்று நினைத்துக்கொண்டு நடந்தேன். அது பாதிதான் உண்மை. கம்பீர், பாணகங்கா என்ற இரண்டு ஆறுகளின் வெள்ளம் வந்து தேங்கும் ஒரு பள்ளம் இங்கே முன்பே இருந்தது. பதினெட்டாம் நூற்றாண்டில் ஜாட் அரசர் சூரஜ்மல், ஊரை வெள்ளத்திலிருந்து காப்பாற்ற அஜான் என்ற நீண்ட கரையைப் போட்டார். பரத்பூரில் தண்ணீர் எப்போதுமே அரசியல்தான். 1805-ல் லேக் பிரபு நான்கு தடவை இந்தக் கோட்டையின்மேல் மோதிப் பார்த்துத் தோற்றுப் போனார். இருபது வருஷம் கழித்து வந்த கோம்பர்மியர், முதல் காரியமாக ஏரியின் கரையைப் பிடித்துக்கொண்டு, அகழிக்குத் தண்ணீர் போகாமல் அடைத்தார். 1826-ல் கோட்டை விழுந்தது.

அப்போதும்கூட இது மழைக்காலத்தில் நிறைந்து கோடையில் வற்றும் மேய்ச்சல் காடுதான். இன்றைக்கு நாம் பார்க்கும் சதுப்பு நிலமாக இதை ஆக்கியது வாத்து வேட்டை. பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில், சமஸ்தானத்தின் நிர்வாகத்தைப் பார்த்துக்கொண்டிருந்த மோர்வி இளவரசர் ஹர்பாம்ஜி, அஜான் கரையிலிருந்து வாய்க்கால் வெட்டி, குறுக்கும் நெடுக்கும் வரப்புப் போட்டு, பாத்தி கட்டின வயல் மாதிரி நீரைத் தேக்கினார். தண்ணீர் நின்றால் வாத்து வரும்; வாத்து வந்தால் வைஸ்ராய் வருவார். நான் நடந்த சாலையும் அப்படிப் போட்ட கரைதான். 1902 டிசம்பரில் கர்ஸன் பிரபு வந்து வேட்டையைத் தொடங்கி வைத்தார்.

கோயிலை நெருங்கும்போது பெரியவர் வண்டியை நிறுத்தினார். "இதைப் பார்க்காமல் யாரும் போகமாட்டார்கள்" என்றார். மணற்கல் பலகைகள். நம் கோயில்களில் இன்ன மன்னன் இத்தனை வேலி நிலம் விட்டான், இத்தனை விளக்குக்கு எண்ணெய் கொடுத்தான் என்று வெட்டி வைத்திருப்பார்களே, அந்தச் சிரத்தையோடு வெட்டியிருக்கிறார்கள். தேதி ஒரு பத்தி. யாருடைய கௌரவத்துக்காக வேட்டை என்பது ஒரு பத்தி. விழுந்த பறவைகள் ஒரு பத்தி. துப்பாக்கிகள் ஒரு பத்தி. வைஸ்ராய்கள், மகாராஜாக்கள், சேனாதிபதிகள் வரிசையாக நிற்கிறார்கள்.

1938 நவம்பர் 12-ஆம் தேதிக்கு எதிரே லின்லித்கோ பிரபுவின் பெயர். துப்பாக்கி 39. பறவை 4,273.

கல்லின் முன்னால் நின்று வகுத்துப் பார்த்தேன். ஒரு துப்பாக்கிக்கு ஏறக்குறைய 110. ஒருவர் ஒரு நாளில் 110 தடவை குறி தவறாமல் சுடுவதென்றால் எத்தனை தோட்டா, எத்தனை தோள்வலி! இந்த இடத்தைத் தவிரச் சுற்றுவட்டாரத்தில் இத்தனை பரந்த நீர் இல்லாததால், வெடிச் சத்தம் கேட்டு எழும்பிய வாத்துகள் வட்டமடித்துவிட்டு மறுபடி இங்கேயே வந்து இறங்கும். அடுத்த வேட்டுக்குத் தாமாகவே வந்து நிற்கும். அதற்குத்தான் அத்தனை வரப்பும் வாய்க்காலும். பத்து மாதம் கழித்து, 1939 செப்டம்பரில், இந்தியர் ஒருவரையும் கேட்காமல் இந்தியாவை யுத்தத்தில் சேர்த்துவிட்டவரும் இதே லின்லித்கோதான். அந்தக் காரியத்துக்கும் இந்த வேட்டைக்கும் சம்பந்தம் உண்டென்று நான் சொல்ல வரவில்லை. பெயரைக் கல்லில் பார்த்ததும் ஞாபகம் வந்தது.

எனக்கு விசித்திரமாகப் பட்டது எண்ணின் பெருமை அல்ல, அதன் துல்லியம். நாலாயிரத்துச் சொச்சம் என்று விட்டிருக்கலாம். கடைசி மூன்று வாத்தையும் விடாமல் எண்ணியிருக்கிறார்கள்.

எண்ணியவர்கள் யார் என்று பெரியவரிடம் கேட்டேன். "எங்கள் தாத்தா மாதிரி ஆட்கள்தான்" என்றார். வேட்டை நாளில் கிராமத்தாரைத் தண்ணீரில் இறக்கி விடுவார்களாம். விழுந்ததைப் பொறுக்கி, கரையில் வரிசையாக வைக்க வேண்டும். கார்த்திகை மாதத்து நீர் எலும்பைப் பிடிக்கும் என்று அவர் தாத்தா சொல்லிக்கொண்டிருப்பாராம். "கிழவருக்கு அதில் பெருமைதான், பாபுஜி. லாட் சாகிப் சுட்ட வாத்தைத் தொட்டவர் அல்லவா?"

அந்த மகாராஜாக்களை வைது எழுதுவது சுலபம். நானும் மனசுக்குள் இரண்டு வாக்கியம் தயார் பண்ணிக்கொண்டேன். ஆனால் அவர்கள் இல்லாவிட்டால் இந்தத் தண்ணீரும் இல்லை. சுடுவதற்காகக் காப்பாற்றினார்கள், மற்றவர்கள் சுடாமலும் காப்பாற்றினார்கள். 1948-ல் சமஸ்தானம் போயிற்று. உடனே, ராஜா வாத்துக்கு விட்ட தண்ணீரை எங்கள் வயலுக்கு விடுங்கள், சதுப்பை உழுது பயிர் செய்கிறோம் என்று கோரிக்கை கிளம்பிற்று. நியாயமில்லாத கோரிக்கை என்று யார் சொல்ல முடியும்? பறவை நிபுணர் சாலிம் அலி விஷயத்தை நேரு வரையில் கொண்டு போனதால் இடம் பிழைத்தது. 1956-ல் இதைச் சரணாலயம் என்று அறிவித்தார்கள். அறிவித்த பிறகும் வேட்டை நடந்தது! கடைசிப் பெரிய வேட்டை 1964-ல். முன்னாள் மகாராஜாவின் சுடும் உரிமை 1972 வரைக்கும் இருந்தது. இதே 1960-களில் சாலிம் அலியும் அவருடைய சகாக்களும் இதே நீரில் வாத்துகளைப் பிடித்து, காலில் வளையம் மாட்டி விட்டுக்கொண்டிருந்தார்கள். அந்த வளையங்கள் சைபீரியாவிலும் மத்திய ஆசியாவிலும் அகப்பட்டபோதுதான் இந்த வாத்துகளின் ஊர் எது என்று நமக்கு உறுதியாயிற்று.

கோயில் அருகே ஒரு மரத்தடியில் உட்கார்ந்தோம். கொண்டு போயிருந்த பூரியைப் பிரித்தேன். பெரியவர் ஒன்றுதான் எடுத்துக்கொண்டார். எதிரே தண்ணீர் தெரியவில்லை. புல் தெரிந்தது. தண்ணீரின்மேல் ஜமக்காளம் விரித்த மாதிரி தடித்த பச்சைப் புல். "இங்கே ஒரு காலத்தில் எங்கள் எருமைகள் நிற்கும்" என்றார்.

அவர் வீட்டில் ஆறு எருமைகள் இருந்தனவாம். விடிந்ததும் ஓட்டிக்கொண்டு வருவார். மாலையில் ஓட்டிக்கொண்டு போவார். அவருடைய அப்பாவும் அப்படித்தான், தாத்தாவும் அப்படித்தான். வேட்டை நாளில் மட்டும் மாடு வரக்கூடாது. மகாராஜா காலத்து விதி அவ்வளவுதான்.

1981-ல் இந்தச் சதுப்பு நிலம் சர்வதேச முக்கியத்துவம் வாய்ந்த ராம்சார் பட்டியலில் சேர்ந்தது. 1982-ல் தேசியப் பூங்காவாயிற்று. தேசியப் பூங்கா என்றால் மாடு மேயக்கூடாது என்பது சட்டம். அந்த வருஷம் நவம்பரில் மேய்ச்சலைத் தடுத்தார்கள். கிராமத்தார் திரண்டு வந்தார்கள். போலீஸ் சுட்டது. சிலர் இறந்து போனார்கள். எத்தனை பேர் என்று பிற்பாடு புத்தகங்களில் தேடிப் பார்த்தேன். எழுதுகிறவருக்கு எழுதுகிறவர் எண் மாறுகிறது.

பெரியவரிடம் அதைப் பற்றிக் கேட்டேன். அப்போது அவருக்கு இருபது வயதுக்குள் இருக்கும். "நான் அன்றைக்கு இருந்தேன்" என்றார். பிறகு எழுந்து போய் வண்டிச் சக்கரத்தில் சிக்கியிருந்த கோரையை எடுத்துப் போட்டுவிட்டு வந்தார். வேறொன்றும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

மாட்டைத் தடுக்க வேண்டும் என்று யோசனை சொன்னவர்கள் கெட்டவர்கள் இல்லை. பறவைகள்மேல் உயிரையே வைத்திருந்தவர்கள். சாலிம் அலியும் அவருடைய பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகமும் தடைக்கு ஆதரவாகவே இருந்தார்கள். அந்தக் கழகமே 1980 முதல் பத்து வருஷம் இங்கே கூடாரம் போட்டு, தண்ணீரையும் புல்லையும் மீனையும் பறவையையும் ஒவ்வொன்றாக அளந்து ஆராய்ச்சி நடத்திற்று. தடைக்கு முன் இரண்டு வருஷம், தடைக்குப் பின் எட்டு வருஷம்; இந்த மாதிரி ஒப்பிட்டுப் பார்க்கும் சந்தர்ப்பம் யாருக்கும் எளிதில் வாய்ப்பதில்லை. கண்டது என்ன? எருமைகள் போனதும், நீரில் படரும் ஒரு புல் கட்டுக்கடங்காமல் வளர்ந்து திறந்த நீரை மூடிவிட்டது. வாத்து இறங்க இடம் குறைந்தது, மீன் குறைந்தது, மீனை நம்பிய பறவைகளும் குறைந்தன. அத்தனை வருஷமும் இந்தச் சதுப்பைச் சதுப்பாக வைத்திருந்த வேலைக்காரர்களில் எருமையும் ஒன்று என்று தெரிந்தது. கூலி வாங்காத வேலைக்காரர்.

தம்முடைய யோசனை பிழையென்று தம்முடைய ஆராய்ச்சியே காட்டியபோது அதை மறைக்காமல் அச்சிட்டார்களே, அதற்காக அவர்களை நான் மதிக்கிறேன். சட்டம் மாறவில்லை. எருமைக்குப் பதிலாக ஆட்களை உள்ளே விட்டு, அரிவாளால் புல் அறுத்துப் போக அனுமதித்தார்கள். நாங்கள் உட்கார்ந்திருந்தபோதுகூட, தலையில் ஆள் உயரக் கட்டோடு நாலைந்து பெண்கள் வரப்பில் போனார்கள். தூரத்திலிருந்து பார்த்தால் புல்லே எழுந்து நடக்கிற மாதிரி இருந்தது.

"சைபீரியாக் கொக்கு எந்த இடத்தில் இறங்கும்?" என்று கேட்டேன். பரத்பூர் என்றதும் எனக்கு முன்பே தெரிந்திருந்த ஒரே பெயர் அதுதான். பெரியவர் கையை நீட்டினார். அங்கேயும் புல்.

மேற்குச் சைபீரியாவில் ஓப் நதிப் பக்கத்திலிருந்து, ஆப்கானிஸ்தானத்து மலைகளைத் தாண்டி, ஐயாயிரம் கிலோமீட்டருக்கு மேல் பறந்து, குளிர்காலத்துக்கு இந்த இடத்தைத் தேடி வந்த வெள்ளைக் கொக்குகள். முகம் மட்டும் சிவப்பு. சேற்றுக்குள் அலகை விட்டுக் கோரைக் கிழங்கைத் தோண்டித் தின்னும். 1960-களில் நூற்றுக்கு மேல் வந்தவை, வருஷா வருஷம் குறைந்துகொண்டே வந்தன. 1993-ல் ஒன்றுகூட வரவில்லை. மறு வருஷமும் வரவில்லை. முடிந்தது என்று எழுதிவிட்டார்கள். 1996-ல் மறுபடி ஒரு சில வந்தன. 2001-02 குளிர்காலத்தில் வந்தது ஒரே ஒரு ஜோடி. அதற்குப் பிறகு பரத்பூர் அவற்றைப் பார்க்கவில்லை. வழியில் இருந்த யுத்தமும் வேட்டையும் காரணம் என்கிறார்கள். இங்கே புல் மூடியதையும் கூடச் சேர்த்துக்கொள்ள வேண்டியதுதான். இந்த இனம் அடியோடு அழிந்துவிடவில்லை. கிழக்குச் சைபீரியாவிலிருந்து புறப்படுகிறவை இன்றும் சீனத்துப் போயாங் ஏரிக்கு ஆயிரக்கணக்கில் போகின்றன. இந்தியாவுக்கு வழி தெரிந்த கூட்டம்தான் இல்லை. கொக்குக் குஞ்சு வழியைத் தாய் தகப்பனோடு பறந்துதான் கற்கிறது. கற்றுக்கொடுக்க ஆள் இல்லாவிட்டால் பாதை போயிற்று.

அந்தக் கடைசி ஜோடியைப் பெரியவர் பார்த்திருக்கிறார். அந்த வருஷம் ரிக்‌ஷாவில் ஏறுகிறவர்கள் எல்லாரும் வேறு பறவையைத் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார்களாம். "நல்ல வருமானம், பாபுஜி" என்றார். கொஞ்சம் பொறுத்து, "இரண்டும் பக்கம் பக்கமாகவே நிற்கும்" என்றார்.

கொக்கு வராததற்கு அடுத்த கட்டம், தண்ணீரே வராதது. கம்பீர் நதியில் மேலே கரௌலி ஜில்லாவில் பாஞ்சனா அணை கட்டிவிட்டார்கள். 2004-ல் பூங்காவுக்குத் தண்ணீர் விடக்கூடாது என்று அங்கே விவசாயிகள் கிளர்ச்சி செய்ய, சர்க்கார் விடவில்லை. இந்தச் சதுப்புக்கு ஒரு வருஷத்துக்கு வேண்டியது 55 கோடி கன அடி. வறண்ட வருஷங்களில் செவ்வரி நாரைகள் கூடு கட்டவில்லை. தரையில் சீமைக்கருவேல் பரவிற்று. பிறகு கிராமத்தாரைக் கூப்பிட்டு, வேரோடு பிடுங்கி விறகை நீங்களே எடுத்துக்கொள்ளுங்கள் என்று சொல்லி அந்த முள்ளை ஒழித்தார்கள். கோவர்தன் வடிகாலிலிருந்து குழாய் போட்டுத் தண்ணீர் கொண்டு வந்தார்கள். அன்றைக்கு நான் ஒற்றைக் கண்ணால் பார்த்துச் சொக்கிப் போன நீரில் பாதி, குழாயில் வந்த நீராக இருக்கலாம். நாரைக் குஞ்சுகளுக்கு அந்த வித்தியாசம் தெரிந்ததாகக் காணோம்.

வெயில் ஏறிவிட்டது. திரும்பும்போது சாரஸ் ஜோடி ஒன்று வயல் மாதிரி ஓர் இடத்தில் நின்றது. ஆள் உயரம், சாம்பல் உடம்பு, சிவந்த தலை. ஒன்று நிமிர்ந்து ஊதிற்று. மற்றொன்று அதே மூச்சில் சேர்ந்துகொண்டது. நாதஸ்வரத்துக்குச் சீவாளி சரிபார்க்கும் ஓசை ஞாபகத்துக்கு வந்தது. அது அடங்கும் வரையில் நின்றுவிட்டு, நான் வெட்கத்தை விட்டு ரிக்‌ஷாவில் ஏறிக்கொண்டேன். பெரியவர் ஒன்றும் சொல்லவில்லை. மிதித்தார்.

வாசலில் கண்ணாடியைத் திருப்பிக் கொடுத்தேன். பேசிய கூலிக்குமேல் கொஞ்சம் சேர்த்துக் கொடுத்தபோது பெரியவர் வாங்கிக்கொண்டு, டீக்கு நான் காசு தரக்கூடாது என்று சொல்லிவிட்டார். டீக்கடை பூங்காவின் மதிற்சுவரை ஒட்டி இருந்தது. காட்டைச் சுற்றிலும் இந்தச் சுவர் எழுப்பியிருக்கிறார்கள். சுவருக்கு இந்தப் பக்கம் இரண்டு எருமைகள் கட்டிக் கிடந்தன. காலையில் வரப்பில் பார்த்தேனே, அந்த மாதிரி ஒரு புல்கட்டு அவிழ்த்துப் போடப்பட்டிருந்தது. அவசரமில்லாமல் தின்றுகொண்டிருந்தன. பால் கெட்டியாக இருந்தது. ஆக்ரா பஸ் வர இன்னும் இருபது நிமிஷம் இருந்தது. இன்னொரு டீ சொன்னேன்.